கெஸ்ட் ஒரே முகவரியில் சிக்கி நின்றால்

கேவிஎம்மில் (லினக்ஸ் கெர்னலின் மெய்நிகர் கணினி வசதி) கெஸ்ட், அதாவது உள்ளே ஓடும் மெய்நிகர் கணினி, உறைந்து நிற்கிறது, அதைத் தாங்கும் ஹோஸ்டில் ஒரு கோர் மட்டும் முழு மூச்சாக ஓடுகிறது. இந்த மாதிரி நேரத்தில் ஜிடிபி டிபக்கரைத் திறக்க மாட்டேன். பிரேக்பாயிண்ட் (ஓட்டத்தை நிறுத்தும் புள்ளி) வைத்தால் நேரக்கணக்கு மாறி, பிரச்சினை ஒளிந்துகொள்ளும். முதலில் ட்ரேஸ்தான், அதாவது நடப்பதை நிறுத்தாமல் பதிவு செய்வது.

ட்ரேஸ்-சிஎம்டியில் (கெர்னல் நிகழ்வுகளைப் பதியும் கருவி) கேவிஎம் நிகழ்வுகளில் எக்ஸிட் (கெஸ்டிலிருந்து ஹோஸ்டுக்கு வெளியேறுவது), என்ட்ரி (திரும்ப உள்ளே போவது), பேஜ் ஃபால்ட் (நினைவகப் பக்கத்தை அணுக முடியாமல் நிற்பது), எம்எம்ஐஓ (நினைவக முகவரி வழியே சாதனத்தோடு பேசுவது) நான்கை மட்டும் சில விநாடிகள் பதியுங்கள். எல்லாவற்றையும் பதிந்தால் கோப்பு வீங்கிவிடும், படிக்க மனசே வராது.

இன்டெல்லில் எக்ஸிட் காரணம் 48 என்றால் இபிடி (கெஸ்டின் முகவரியை ஹோஸ்டின் நினைவகத்தோடு இணைக்கும் அட்டவணை) வயலேஷன், 49 என்றால் இபிடி மிஸ்கான்ஃபிக். பெயரைப் பார்த்து 49-க்குப் பயப்பட வேண்டாம். எம்எம்ஐஓ பக்கங்களைச் சட்டென்று கண்டுபிடிக்க கேவிஎம்மே அட்டவணையில் வேண்டுமென்று அப்படித் தவறாக எழுதி வைக்கிறது. 48-உம் சகஜம்தான், கெஸ்ட் ஒரு பக்கத்தை முதல்முறை தொட்டால் வரத்தான் செய்யும். அதே கட்டளை, அதே முகவரி திரும்பத் திரும்ப வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் ஃபால்ட் வரியின் கடைசி எண். எரர் கோட் என்று போட்டிருக்கும். இன்டெல்லில் அது உண்மையில் எக்ஸிட் குவாலிஃபிகேஷன் (எக்ஸிட் ஏன் வந்தது என்ற கூடுதல் விவரம்). வழக்கமான பேஜ் ஃபால்ட் பிட்களாக அதைப் படித்தால் எங்கோ போய் நிற்பீர்கள். (ஏஎம்டியில் அப்படிப் படிக்கலாம்.) பிட் 0 படித்தல், 1 எழுதுதல், 2 கட்டளை எடுத்தல். 3, 4, 5 மூன்றும் இபிடியில் அந்த முகவரிக்கு ஏற்கெனவே இருந்த அனுமதிகள். பதினாறடிமான 182 என்றால் எழுதப் பார்த்திருக்கிறது, 3, 4, 5 மூன்றும் இல்லாததால் அங்கே மேப்பிங்கே இல்லை. 1-உம் 3-உம் இருந்து 4 இல்லாவிட்டால், பக்கம் இருக்கிறது, எழுதத்தான் தடை. லைவ் மைக்ரேஷன் (ஓடும் கெஸ்டை வேறு ஹோஸ்டுக்கு மாற்றுவது) ஓடுகிறதா என்று பாருங்கள். மாறிய பக்கங்களைக் கணக்கெடுக்க எழுதும் அனுமதியைப் பறிப்பது உண்டு. அந்த ஃபால்ட்கள் தானாக அடங்கும்.

அடங்காவிட்டால் கெஸ்டை இயக்கும் கியூஇஎம்யு நிரலின் மானிட்டரில் 'இன்ஃபோ எம்ட்ரீ' (முகவரி வரைபடத்தைக் காட்டும் கட்டளை) கொடுத்து, முகவரி நினைவகத்திலா சாதனத்திலா விழுகிறது என்று பாருங்கள். எதிலும் விழவில்லையென்றால் நான் முதலில் கெஸ்ட் டிரைவரைத்தான் பிடிப்பேன், ஹைப்பர்வைசரை (கெஸ்டை ஓட்டும் கேவிஎம் போன்ற மென்பொருள்) அல்ல.

கெஸ்ட் நிற்காமல், 'கேவிஎம் ரன் ஃபெயில்ட் பேட் அட்ரஸ்' என்று விழுந்தால் அது வேறு கதை. பின்னால் இருக்கும் பக்கத்தை ஹோஸ்டாலேயே எடுத்துத் தர முடியவில்லை. ஹியூஜ்பேஜ் (ஒதுக்கி வைத்த பெரிய நினைவகப் பக்கங்கள்) தீர்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்.