கேட்டாலும் கொடுக்க ஒன்றும் இருக்கக் கூடாது: கூகுள் தேடல் வரலாற்றைக் குறைப்பது எப்படி?

2005இல் அமெரிக்க நீதி அமைச்சகம் கூகுள், யாஹூ, ஏஓஎல், எம்எஸ்என் என்ற நான்கு தேடல் சேவைகளிடமும் மக்கள் என்னென்ன தேடினார்கள் என்ற பட்டியலைக் கேட்டது. குற்றவாளியைப் பிடிக்க இல்லை. சிறுவர்களை ஆபாசத் தளங்களிலிருந்து காக்க 1998இல் போட்ட ஒரு சட்டம் வழக்கில் மாட்டியிருந்தது. அதைக் காப்பாற்றப் புள்ளிவிவரம் தேவைப்பட்டது. மற்ற மூவரும் ஏதோ ஒரு அளவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கூகுள் மட்டும் முடியாது என்றது. முதலில் இரண்டு மாதத் தேடல்கள் மொத்தத்தையும் கேட்ட அரசு, கடைசியில் 50,000 இணைய முகவரிகள், 5,000 தேடல்கள் என்று இறங்கி வந்தது. 2006 மார்ச்சில் நீதிபதி ஜேம்ஸ் வேர் முகவரிகளை மட்டும் கொடுக்கச் சொன்னார், தேடல்கள் கிடையாது என்றார்.

‘பெயரே கேட்கவில்லையே, இதில் என்ன பயம்?’ என்று அப்போது பலர் கேட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பதில் வந்தது. ஆராய்ச்சிக்காக என்று சொல்லி, சுமார் ஆறரை லட்சம் பேரின் தேடல்களை ஏஓஎல் தானே வெளியிட்டது. பெயருக்குப் பதில் வெறும் எண். மரத்துப்போன விரல், நாய் செய்யும் அசிங்கம், ஊர்ப் பெயர் என்று ஒரே எண்ணின் கீழ் இருந்த தேடல்களைக் கோத்துப் பார்த்தே ஒரு மூதாட்டியின் வீட்டு வாசலுக்குப் பத்திரிகையாளர்கள் போய்விட்டார்கள்.

2020இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரில் ஒரு வீட்டுக்குத் தீ வைத்ததில் ஐந்து பேர் இறந்தார்கள். முந்தைய 15 நாட்களில் அந்த வீட்டு முகவரியைத் தேடியவர்கள் யார் யார் என்று போலீஸ் கூகுளிடம் கேட்டு வாங்கியது. ஆட்கள் பிடிபட்டது நல்லதுதான். ஆனால் யார் மேலும் சந்தேகம் இல்லாத நிலையில் எல்லோருடைய தேடலையும் சலித்துத்தான் அவர்களைப் பிடித்தார்கள். அந்தச் சாட்சியம் செல்லும் என்று கொலராடோ உச்ச நீதிமன்றமும் 2023இல் சொல்லிவிட்டது.

ஆக, நிறுவனம் நமக்காகச் சண்டை போடும் என்று நம்பி உட்கார முடியாது. சேமிப்பில் இல்லாததை யாரும் கேட்டு வாங்க முடியாது. நம் கையில் இருக்கும் வழி அதுதான்.

படி 1: முதலில் பாருங்கள், அழிக்க வேண்டாம்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் திறந்து, ‘கூகுள்’ என்பதைத் தொட்டு, உங்கள் கணக்கை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போங்கள். மேலே ‘டேட்டா அண்ட் பிரைவசி’ இருக்கும். அதற்குள் ‘மை ஆக்டிவிட்டி’. நாள்வாரியாக, நேரத்தோடு எல்லாம் வரும். பத்து நிமிடம் நிதானமாகக் கீழே உருட்டுங்கள்.

நான் முதல்முறை பார்த்தபோது இரவு 2.40க்கு ‘பல்வலி கிராம்பு’, 2.52க்கு ‘வேர் சிகிச்சை செலவு’, காலை எட்டரைக்கு எங்கள் தெருமுனைப் பல் மருத்துவமனையின் நேரம். வலி, பணக் கவலை, வீடு இருக்கும் இடம் மூன்றும் மூன்று வரியில்! வீட்டில் இருப்பவர்களுக்கே நான் சொல்லாத விஷயம் அது.

படி 2: அழிப்பது

அதே பக்கத்தில் ‘டெலீட்’ பொத்தான் உண்டு. கடைசி ஒரு மணி நேரம், ஒரு நாள், எல்லாம் என்று கேட்கும். ‘எல்லாம்’ கொடுங்கள். உடனே கண்ணிலிருந்து மறையும். கூகுளின் கணினிகளிலிருந்து முழுதாகப் போக சுமார் இரண்டு மாதம், காப்புப் பிரதிகளிலிருந்து போக ஆறு மாதம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது.

படி 3: இனிமேல் சேராமல் வைப்பது

இதுதான் முக்கியம். ‘டேட்டா அண்ட் பிரைவசி’ பக்கத்தில் ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’ என்பதைத் திறந்து ‘டர்ன் ஆஃப்’ கொடுத்தால் புதிய தேடல்கள் கணக்கில் சேராது. பழைய தேடல் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் ‘ஆட்டோ டெலீட்’ வையுங்கள். 3, 18, 36 மாதம் என்று மூன்று தேர்வு. 2020 ஜூனுக்குப் பிறகு தொடங்கிய கணக்குகளுக்கு 18 தானாகவே இருக்கும். மூன்று மாதத்துக்கு முன் தேடியதை நான் திரும்பத் தேடிப்போனதே இல்லை, 3 போதும்.

குரோம் உலாவியில் உள்ள ஹிஸ்டரி தனி. அதையும் மூன்று புள்ளி மெனுவில் போய் அழியுங்கள்.

படி 4: இன்காக்னிட்டோவை நம்பாதீர்கள்

உலாவியில் உள்ள இந்த ரகசிய முறை, பார்த்த தளங்களின் பட்டியலை உங்கள் போனில் விட்டுவைக்காது, அவ்வளவுதான். நீங்கள் போகும் தளத்துக்கும் இணையச் சேவை தரும் நிறுவனத்துக்கும் உங்கள் இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரி தெரியும். இது தொடர்பான வழக்கில், இன்காக்னிட்டோவில் சேர்ந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024இல் கூகுளே ஒப்புக்கொண்டது.

உடம்பு, பணம், வழக்கு பற்றித் தேட டக்டக்கோ என்ற வேறு தேடுபொறியைப் பயன்படுத்துங்கள். தேடல் வரலாற்றைச் சேமிப்பதில்லை என்பது அதன் கொள்கை. ஐபி முகவரியை மறைக்கும் விபிஎன் சேவை போடலாமே என்பீர்கள். விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் இந்திய அரசு உத்தரவிட்டது. சில விபிஎன் நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களையே கழற்றிக்கொண்டு போயின. எதையும் சேமிக்காத நிறுவனமா என்று பார்க்காமல் காசு கட்டாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் ‘தக்காளி விலை’ என்று ஒருமுறை தேடிவிட்டு, நாளை காலை மை ஆக்டிவிட்டியைத் திறந்து பாருங்கள். ‘டர்ன் ஆஃப்’ கொடுத்த பிறகும் தக்காளி அங்கே இருந்தால், அது போனில் உள்ள இன்னொரு கூகுள் கணக்கில் சேர்ந்திருக்கலாம். வலது மேல்மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தொட்டு, அந்தக் கணக்குக்கு மாறி, படி 2இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.