பழைய ஆண்ட்ராய்டு போனில் கஸ்டம் ரோம் போடுவது, ரூட் செய்வது எப்படி?

ஸ்கிரீன் நன்றாக இருக்கும், பேட்டரியும் தாங்கும். ஆனால் கம்பெனி அப்டேட் கொடுப்பதை என்றோ நிறுத்தியிருக்கும். ஆப்புகள் ஒவ்வொன்றாக "இந்தப் பதிப்பில் இயங்காது" என்று கைவிரிக்கும். அப்படிப்பட்ட போனுக்குத்தான் இந்த விளக்கம்.

கஸ்டம் ரோம் (போன் கம்பெனி அல்லாத மற்றவர்கள் உருவாக்கும் ஆண்ட்ராய்டு பதிப்பு) வேறு, ரூட் வேறு. ரோம் மாற்றினால் போனின் இயங்குதளமே மாறுகிறது. ரூட் என்பது, போனை ஒரு வீடாக நினைத்தால், அதன் எல்லா அறைகளுக்கும் சாவி வாங்குவது, அதாவது சிஸ்டம் கோப்புகளையும் மாற்றும் முழு அதிகாரம். புதிய ஆண்ட்ராய்டு மட்டும் போதும் என்றால் ரூட் தேவையே இல்லை.

முதலில் போனின் குறிப்பெயர்

பெட்டியில் இருக்கும் பெயரை நம்பி ரோம் இறக்காதீர்கள். ரெட்மி நோட் 4 என்ற ஒரே பெயரில் இரண்டு போன்கள் வந்தன. ஸ்னாப்டிராகன் சிப் உள்ளதன் குறிப்பெயர் 'மிடோ', மீடியாடெக் உள்ளது 'நிகெல்'. ஒன்றின் ரோம் மற்றதில் ஓடாது. பொருந்தாத ரோமைப் போட்டால் பெரும்பாலும் ரெக்கவரியே (ரோமை நிறுவ உதவும் தனிச் சிறு மென்பொருள்) 'எரர் 7' காட்டித் தடுத்துவிடும். அந்தச் சோதனை வரியை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

குறிப்பெயர் தெரிந்ததும் லீனேஜ்ஓஎஸ் என்ற கஸ்டம் ரோமின் தளத்தில் உங்கள் போன் இருக்கிறதா என்று பாருங்கள். சயனோஜென்மாட் என்ற பழைய ரோம் 2016 டிசம்பரில் மூடப்பட்டபோது அதன் தொடர்ச்சியாக வந்தது இது. தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

பூட்லோடர் (போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தை ஏற்றும் நிரல்; கம்பெனி இதைப் பூட்டி வைத்திருக்கும்) திறக்குமா என்பதையும் இப்போதே உறுதிசெய்யுங்கள். ஹுவாவே 2018-இலேயே அன்லாக் கோடு தருவதை நிறுத்திவிட்டது. சியோமியில் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும். சாம்சங்கில் ஃபாஸ்ட்பூட் (கணினியிலிருந்து போனில் கோப்புகளை எழுதும் முறை) கிடையாது. டவுன்லோட் மோடும் ஓடின் மென்பொருளும்தான் வழி. அதில் சாம்சங்கின் நாக்ஸ் பாதுகாப்பு அமைப்பின் ஃபியூஸ் நிரந்தரமாக எரிந்துவிடும், செக்யூர் ஃபோல்டர் பிறகு வேலை செய்யாது. கீழே உள்ள படிகள் ஃபாஸ்ட்பூட் உள்ள போன்களுக்கு.

பூட்லோடரைத் திறத்தல்

திறந்த நொடியில் போனில் உள்ள அனைத்தும் அழியும். படங்கள், சாட், தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றுங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்புக் கோடு தரும் ஆப்பை மறந்துவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் நிறைய. கூகுள் கணக்கிலிருந்தும் வெளியேறிவிடுங்கள்.

செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' மீது 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதில் ஓஇஎம் அன்லாக்கிங், யூஎஸ்பி டீபக்கிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். கணினியில் கூகுளின் பிளாட்ஃபார்ம் டூல்ஸை (ஏடிபி, ஃபாஸ்ட்பூட் கட்டளைகள் அடங்கிய தொகுப்பு) இறக்கி, போனை இணைத்து, கமாண்ட் விண்டோவில் இவற்றை வரிசையாகக் கொடுங்கள். இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து.

ஏடிபி ரீபூட் பூட்லோடர்
ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்
ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் அன்லாக்

இரண்டாவது கட்டளைக்குப் போனின் எண் வராவிட்டால் டிரைவர் அல்லது கேபிளில் கோளாறு. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாகவும் இருக்கலாம். சற்றுப் பழைய போன்களில் கடைசி வரி 'ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் அன்லாக்' என்று இருக்கும். மோட்டோரோலா போன்றவற்றில் கம்பெனி தளத்தில் வாங்கிய கோடும் சேர வேண்டும்.

ரெக்கவரி, பிறகு ரோம்

'ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷ் ரெக்கவரி' என்று அடித்து, இடைவெளி விட்டு, உங்கள் போனுக்கான டிடபிள்யூஆர்பி (பலரும் பயன்படுத்தும் கஸ்டம் ரெக்கவரி) கோப்பின் பெயரைக் கொடுங்கள். முடிந்ததும் பட்டன்களை அழுத்தி நேராக ரெக்கவரிக்குள் போய்விடுங்கள். சாதாரணமாக ஆன் செய்தால் பழைய சிஸ்டம் தன் ரெக்கவரியைத் திரும்ப எழுதிவிடக்கூடும்.

உள்ளே போனதும் முதல் வேலை, பேக்கப் பகுதியில் ஈஎஃப்எஸ் பிரிவைச் சேமித்துக் கணினிக்கு மாற்றுவது. ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) தொடர்பான தகவல்கள் அங்கேதான் இருக்கின்றன. அது கெட்டால் சிம் வேலை செய்யாது, எந்த ரோம் போட்டாலும் சரியாகாது.

அடுத்து ஃபார்மேட் டேட்டா, சிஸ்டம் வைப், அதாவது பழைய தரவையும் பழைய சிஸ்டத்தையும் அழிப்பது. பிறகு ரெக்கவரியில் ஏடிபி சைட்லோடை (கணினியிலிருந்து கோப்பை அனுப்பி நிறுவும் முறை) தொடங்கி, கணினியில் 'ஏடிபி சைட்லோட்' என்பதோடு ரோம் கோப்பின் பெயரைக் கொடுங்கள். சில சமயம் 47 சதவீதத்தில் நின்றுவிடும். பயப்பட வேண்டாம், போனின் திரையில் பிழை இல்லையென்றால் வேலை முடிந்ததாகவே பொருள். கூகுள் ஆப்புகள் வேண்டுமென்றால் முதல்முறை ஆன் செய்வதற்கு முன்பே அவற்றையும் சைட்லோட் செய்துவிட வேண்டும். முதல் பூட்டுக்கு 15 நிமிடம் வரை பொறுத்திருங்கள்.

ரூட்

புது ரோமைச் சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள். விளம்பரங்களை ஹோஸ்ட்ஸ் கோப்பிலேயே (இணைய முகவரிகளை வழிமாற்றும் சிஸ்டம் கோப்பு) தடுப்பது, ஆப்புகளைத் தரவோடு முழுதாக பேக்கப் எடுப்பது போன்றவற்றுக்கு ரூட் உதவும். பதிலுக்கு வங்கி ஆப்புகள் பல திறக்க மறுக்கும்.

நீங்கள் போட்ட அதே ரோமின் பூட் இமேஜை (போன் ஆன் ஆகும்போது முதலில் ஏறும் சிஸ்டம் கோப்பு) போனில் வைத்து, ரூட் தரும் மேஜிஸ்க் ஆப்பில் 'இன்ஸ்டால்' போய் அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் திருத்திய கோப்பு டவுன்லோட் ஃபோல்டரில் வரும். அதைக் கணினிக்கு எடுத்து 'ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷ் பூட்' மூலம் எழுதுங்கள். மூல பூட் இமேஜை அழிக்காதீர்கள். போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், அதை அதே கட்டளையில் திருப்பி எழுதினால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் பாதுகாப்புக்காகப் பூட்லோடரை மறுபடி பூட்டலாமே என்று தோன்றும். கஸ்டம் ரோம் இருக்கும்போது பூட்டினால் பெரும்பாலான போன்கள் பூட் ஆகவே மறுக்கும். பூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் கம்பெனியின் மூல ஃபர்ம்வேரை முழுமையாகத் திரும்பப் போட்டுவிடுங்கள்.