நைஜீரியாவையும் கென்யாவையும் ஒப்பிடுகிறீர்களா? வாங்கும் சக்திக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

நைஜீரியாவின் லாகோஸில் ஒரு குடும்பத்துக்கு மாதம் 1,50,000 நைரா வருகிறது, கென்யாவின் நைரோபியில் ஒரு குடும்பத்துக்கு 40,000 ஷில்லிங் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு வசதி அதிகம்? முக்கால்வாசிப் பேர் உடனே இரண்டையும் டாலருக்கு மாற்றிப் பார்ப்பார்கள். கணக்கை அதிகம் கெடுக்கும் தவறு அதுதான்.

2023 மே மாதம் அதிகாரப்பூர்வ விகிதப்படி ஒரு டாலர் சுமார் 460 நைரா. அந்தக் கணக்கில் லாகோஸ் குடும்பத்தின் வருமானம் 325 டாலர், நைரோபி குடும்பத்துக்கு 300-க்குக் கொஞ்சம் கீழே. ஜூனில் மத்திய வங்கி நைராவைச் சந்தையின் போக்கில் விட்டது, 2024-இல் டாலர் 1,500 நைராவைத் தொட்டது, அதே சம்பளம் 100 டாலராகிவிட்டது. அப்படியானால் அந்தக் குடும்பம் வாங்கும் பொருட்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயினவா? அடி பலமாகவே விழுந்தது, ஆனால் அவ்வளவு இல்லை. வீட்டு வாடகையும் முடிவெட்டும் கூலியும் உள்ளூர் மரவள்ளியில் செய்யும் காரி (garri) என்ற மாவும் டாலரின் வேகத்துக்கு ஏறுவதில்லை. இன்னொன்று, அந்த 460 என்ற விகிதமே பாதி கற்பனை. அந்த விலையில் டாலர் சாதாரண ஆளுக்குக் கிடைக்காது, கறுப்புச் சந்தையில் அப்போதே 700-க்கு மேல்.

சரி, ஒரே பொருட்களை வாங்க ஒவ்வொரு நாட்டிலும் எவ்வளவு பணம் வேண்டும் என்று ஒப்பிடும் வாங்கும் சக்திச் சமநிலையை, அதாவது பிபிபியைப் பயன்படுத்தலாம் என்று உலக வங்கியின் தரவுப் பக்கத்துக்குப் போனால் அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. முதலில் கண்ணில் படுவது மொத்த உள்நாட்டு உற்பத்திக்கான பிபிபி. அதில் பாலம் கட்டும் சிமென்ட், தொழிற்சாலை இயந்திரம், அரசு ஊழியர் சம்பளம் எல்லாம் சேர்ந்திருக்கும். குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது தனியார் நுகர்வுக்கான பிபிபி என்று தனியாகக் கொடுத்திருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

ஆண்டையும் பாருங்கள். பிபிபிக்காக நாடுகளின் விலைகளைத் திரட்டி ஒப்பிடும் ஆய்வின் 2021 சுற்று முடிவுகள் 2024 மே மாதம் வந்தன. அதற்குப் பிந்தைய எண்கள் பணவீக்கத்தை வைத்து நீட்டிய மதிப்பீடுகள். நாடு அமைதியாக இருந்தால் இது பரவாயில்லை. நைஜீரியாவில் 2023 மே 29 அன்று புதிய அதிபர் டினுபு பெட்ரோல் மானியம் இனி இல்லை என்று அறிவித்தார், 200 நைராவுக்குக் குறைவாக இருந்த லிட்டர் சில நாட்களில் 500 பக்கம் போனது. இப்படி ஒரு ஆண்டில் நீட்டிய மதிப்பீட்டை வைத்து இந்த நாடு அந்த நாட்டைவிட 5 சதவீதம் மேல் என்றெல்லாம் எழுதுவது வீண்.

அந்தப் பெட்ரோல் வெறும் வண்டிக்கு மட்டும் போவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்கட்டணத்தை யூனிட்டுக்கு யூனிட் பார்த்தால் நீண்ட காலம் நைஜீரியாதான் கென்யாவைவிட மலிவு. ஆனால் லாகோஸில் மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாது, வசதி உள்ள வீட்டில் ஜெனரேட்டர் ஓடும், அதன் செலவு மின்கட்டண அட்டவணையில் வராது. வாடகையும் இப்படித்தான்: லாகோஸில் ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கேட்பது சகஜம், நைரோபியில் மாதாமாதம் கொடுப்பதே வழக்கம்.

உணவில் ஒரே பொருளை இரண்டு ஊரிலும் விலை கேட்பது நியாயமாகத் தோன்றும், ஆனால் கென்யக் குடும்பம் உகாலி என்ற களிக்கு மக்காச்சோள மாவை இரண்டு கிலோ பாக்கெட்டில் வாங்குகிறது, லாகோஸ் குடும்பத்தின் செலவில் காரியும் யாம் கிழங்கும் அரிசியும் பெரும் பங்கு. மக்காச்சோள மாவை மட்டும் வைத்து ஒப்பிட்டால் நைரோபிக்குச் சாதகமாக ஒரு விடை வந்து நிற்கும். நைஜீரியச் சந்தையில் பல பொருட்கள் கிலோவில் இல்லாமல் முடு, டெரிக்கா என்ற டப்பா அளவுகளில் விற்பதும் தலைவலி. எடை போட்டுப் பார்க்காத விலையை நம்பாதீர்கள்.

குடும்பத்தின் அளவும் வேறு. 2019 கணக்கெடுப்பில் கென்யக் குடும்பத்தின் சராசரி 3.9 பேர், நைஜீரியாவில் 5 பேர் அளவில். தலைக்கு எவ்வளவு என்று வகுக்காமல் குடும்ப வருமானத்தை நேராக ஒப்பிட்டால் ஆரம்பமே கோணல்.

பணவீக்கச் செய்தியில் ஒரு பொறி உண்டு. 2024 டிசம்பரில் நைஜீரியப் பணவீக்கம் 34.80 சதவீதம், 2025 ஜனவரியில் 24.48. இதை விலை குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. புள்ளியியல் அலுவலகம் ஒப்பிடும் அடிப்படை ஆண்டையும் கணக்கில் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் பங்கையும் மாற்றியதால் வந்த இறக்கம் அது, விலைகள் ஏறிக்கொண்டேதான் இருந்தன.

வறுமை விகிதத்தைக் குறுக்கு வழியாக எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நைஜீரியாவின் 2018-19 ஆய்வில் 40.1 சதவீதம், கென்யாவின் 2022 அறிக்கையில் 39.8. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சமம் போல இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் அந்தந்த நாடு தானே வரைந்த வறுமைக் கோட்டின்படி வந்தது, நடுவில் மூன்று நான்கு வருடமும் ஒரு கொரோனாவும் வேறு. பொதுக் கோடு வேண்டுமென்றால் உலக வங்கியின் நாளுக்கு 3 டாலர் கோட்டை எடுங்கள். அது 2021 பிபிபி விலையில் இருக்கிறது, 2025 ஜூன் வரை இருந்த 2.15 டாலர் கோடு 2017 விலையில். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.