மொறுமொறு தோல் கொடுவாயும் இறால் க்ரீம் சாஸும்: முதல்முறை செய்பவர்களுக்கு

இறால் உரித்ததும் தலையும் ஓடும் நேராகக் குப்பைக்குப் போவதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. இந்தச் சமையலைக் கற்றுக்கொண்ட பிறகு, யாராவது இறால் தலையைக் கவரில் கட்டி வெளியே வைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இன்றைக்குச் செய்யப்போகும் சாஸின் ருசியில் முக்கால் பங்கு அந்தக் கவருக்குள்தான் இருக்கிறது.

பிரான்சின் வடக்குக் கடலோரத்தில் நார்மண்டி என்று ஒரு பகுதி. பால், வெண்ணெய், க்ரீமுக்குப் பேர் போன இடம். அங்கே தியேப் மாதிரியான துறைமுக ஊர்களில் சோல் என்ற தட்டை மீனை (நம் நாக்கு மீனுக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) சிப்பி, இறால் எல்லாம் சேர்ந்த க்ரீம் சாஸோடு பரிமாறுவார்கள். அவர்கள் மீனை ஒயினும் மீன் சாறும் சேர்த்து மெதுவாக வேகவைப்பது வழக்கம். நான் சாஸை மட்டும் அவர்களிடம் எடுத்துக்கொண்டு, மீனைத் தோலோடு தோசைக்கல்லில் பொரிக்கிறேன். நமக்குக் கிடைக்கும் கொடுவாய்க்கு இதுதான் பொருத்தம். சதை வெள்ளையாக, இதழ் இதழாகப் பிரியும், தோல் தடிமனாக இருப்பதால் அப்பளம் போல மொறுமொறுப்பாகும்.

மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் இரண்டையும் இன்று ஒரு நாள் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். நல்ல மீனுக்கு உப்பும் மிளகும் போதும் என்பதை இதைச் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நான் நம்பினேன்.

இரண்டு பேருக்கு வேண்டியவை

கொடுவா, தோலோடு முள் நீக்கிய துண்டு 2 (ஒவ்வொன்றும் 150 முதல் 180 கிராம்)
இறால், தலையோடு கால் கிலோ
வெண்ணெய் 40 கிராம்
எண்ணெய் 3 மேசைக்கரண்டி (கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ)
சின்ன வெங்காயம் 6, பூண்டு 2 பல்
தக்காளி விழுது 1 தேக்கரண்டி
ஃப்ரெஷ் க்ரீம் 150 மில்லி
எலுமிச்சை அரை மூடி, உப்பு, மிளகு, கொஞ்சம் வெங்காயத்தாள்

மீன் வாங்கும்போது

ஒன்றரைக் கிலோ கொடுவா ஒன்று வாங்கினால் கிட்டத்தட்ட 600 கிராம் சதை தேறும். இரண்டு பேருக்கு அது அதிகம்தான், மீதியையும் தலையையும் நடுமுள்ளையும் மறுநாள் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். செவுள் நல்ல சிவப்பாக, கண் குழி விழாமல், சதையை அழுத்தினால் விரல் பட்ட இடம் திரும்ப எழும்ப வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. புதிதாகச் சொல்ல வேண்டியது வெட்டும் இடத்தில்தான். சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் முள்ளில்லாத துண்டு என்று கேட்டால், வெட்டித் தரும் அக்கா உடனே "தோலை உரிச்சிடவா?" என்பார். வேண்டாம். "செதிலை மட்டும் நல்லா தேய்ச்சிடுங்க அக்கா, தோலு இருக்கட்டும், முள்ளை ஒட்டி ரெண்டு பக்கமும் சதையை எடுத்துக் குடுங்க" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் சதைப் பக்கம் நடுவில் விரலை ஓட்டிப் பார்த்தால் குத்துகிற சின்ன முட்கள் தட்டுப்படும், புருவம் திருத்தும் பிளக்கரால் அதைச் சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுத்துவிட வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் கடல் மீன் விலை எகிறிவிடும். அப்போதும் வளர்ப்புக் கொடுவா கிடைக்கும், தயங்காமல் வாங்கலாம். சென்னையில் இருக்கும் சிபா என்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-லேயே இந்த மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் வழியைக் கண்டுபிடித்துவிட்டது. கொடுவா அமையவில்லை என்றால் சங்கராவில் பெரியதாக ஒன்று எடுத்து இதே மாதிரி வெட்டி வாங்குங்கள். உறையவைத்த பாசா வேண்டவே வேண்டாம். தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும், தோலும் இருக்காது.

முதல் வேலை: மீனைக் காயவைப்பது

புதிதாகச் செய்பவர்கள் தாண்டிப்போகிற இடம் இதுதான், தோல் கல்லில் ஒட்டிக்கொள்வதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். நான் முதல்முறை செய்தபோது கழுவிய கையோடு மீனைக் கல்லில் போட்டேன். தோல் முழுக்கக் கல்லிலேயே தங்கிவிட்டது, சதை மட்டும் உடைந்து உடைந்து தட்டுக்கு வந்தது. மீனின் மேல் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, தண்ணீர் ஆவியாகிற சூடு அது. பொன்னிறமாக முறுக வேண்டுமானால் 140 டிகிரியாவது வேண்டும். ஆக, ஈரமான மீன் முதலில் வேகும், அதற்கப்புறம்தான் பொரியும், அதற்குள் உள்ளே காய்ந்து போய்விடும்.

அதனால் துண்டுகளை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டு பக்கமும் உப்புத் தூவி, தோல் மேலே பார்க்கும்படி தட்டில் வைத்து, மூடாமல் ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். வெளியே எடுக்கும்போது உப்பு இழுத்துவிட்ட நீர் முத்து முத்தாக நிற்கும், அதையும் ஒற்றி எடுங்கள். தோலைத் தொட்டால் காகிதம் தொட்ட மாதிரி இருக்க வேண்டும்.

ஓட்டுச் சாறு

மீன் ஃப்ரிட்ஜில் இருக்கும் நேரத்தில் இதைச் செய்துவிடலாம். இறாலை உரித்து, முதுகில் இருக்கும் கறுப்பு நரம்பை நீக்கி, சதையைத் தனியாக எடுத்து வையுங்கள். தலையையும் ஓட்டையும் ஒரே ஒரு தரம் அலசி வடித்தால் போதும். அடிகனமான சட்டியில் ஒரு கரண்டி எண்ணெயும் பாதி வெண்ணெயும் விட்டு, தலை, ஓடு எல்லாவற்றையும் போட்டு நடுத்தரத் தீயில் ஐந்தாறு நிமிடம் வதக்குங்கள். சாம்பல் நிறத்தில் இருந்தது ஆரஞ்சாக மாறும். கரண்டியின் பின்பக்கத்தால் தலைகளை நசுக்கிவிட்டுக்கொண்டே இருங்கள், உள்ளே இருக்கும் கொழுப்பு வெளியே வந்து வெண்ணெயோடு கலக்கட்டும். கொஞ்ச நேரத்தில் சட்டியின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும், வறுத்த கருவாட்டுக்கும் வேர்க்கடலைக்கும் நடுவில் ஒரு வாசம் எழும்பும். அதுதான் பதம்.

ஏன் முதலில் வெண்ணெயில் வதக்குகிறோம், நேராகத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டால் என்ன? பச்சை ஓட்டில் அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. சூடு பட்டதும் கட்டு அவிழ்ந்து சிவப்பு வெளியே வரும், ஆனால் அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். வாசமும் பெரும்பகுதி அப்படித்தான். நேராகத் தண்ணீரில் போட்டால் வெளிறிய ஒரு கஞ்சித் தண்ணீர்தான் கிடைக்கும்.

இப்போது நறுக்கிய சின்ன வெங்காயமும் தட்டிய பூண்டும் போட்டு இரண்டு நிமிடம் வதக்கி, தக்காளி விழுதைச் சேர்த்து அதன் பச்சை வாசம் போனதும் 400 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். சிறுதீயில் 20 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். நேரம் கூடினால் ஓட்டின் கசப்பு இறங்க ஆரம்பித்துவிடும். வடிகட்டியில் ஊற்றி, சக்கையைக் கரண்டியால் நன்றாக அழுத்திப் பிழிந்து, வந்த சாற்றை அதே சட்டியில் திரும்ப ஊற்றி, அரை டம்ளர் அளவுக்கு (சுமார் 100 மில்லி) சுண்டும்வரை கொதிக்கவிடுங்கள். உப்பு இன்னும் போடவில்லை, கவனம். சுண்டுவதற்கு முன் போட்டால் கடைசியில் கரித்துவிடும்.

க்ரீம் சேர்ப்பது

நம் கடைகளில் டெட்ரா பேக்கில் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். பிரெஞ்சுக்காரர்கள் ஊற்றுவது 30 சதவீதத்துக்கு மேல். இந்த வித்தியாசத்தால்தான் நம்முடையது சுலபமாகத் திரிந்துவிடுகிறது. கொழுப்பு குறைவாக இருக்கும் க்ரீமைத் தளதளவென்று கொதிக்கவிட்டாலோ, எலுமிச்சையைச் சூட்டில் பிழிந்தாலோ பால் திரிவது போலத் திப்பி திப்பியாகப் பிரியும். எனவே தீயை நன்றாகக் குறைத்துவிட்டு, க்ரீமை மூன்று தடவையாக ஊற்றிக் கலக்குங்கள். ஓரத்தில் மட்டும் சின்னக் குமிழி வந்தால் போதும். நான்கைந்து நிமிடத்தில் கெட்டிப்படும். கரண்டியை முக்கி எடுத்து அதன் பின்பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், கோடு மூடாமல் நின்றால் சாஸ் ரெடி. திரிகிற மாதிரி தெரிந்தால் உடனே அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு கரண்டி குளிர்ந்த க்ரீம் விட்டு வேகமாக அடித்தால் பெரும்பாலும் திரும்பச் சேர்ந்துகொள்ளும்.

உப்பு, மிளகு போட்டு அடுப்பை அணைத்துவிடலாம். இறால் சதை இப்போது வேண்டாம், அது கடைசியில்.

மீன் பொரிப்பது

நன்றாகப் பழகிய இரும்புத் தோசைக்கல் போதும், இதற்காகத் தனிப் பாத்திரம் வாங்க வேண்டியதில்லை. கல்லைக் காயவைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் அது முத்தாக உருண்டு ஓட வேண்டும். மீதி இரண்டு கரண்டி எண்ணெயை ஊற்றி அது லேசாக அலையடித்ததும், மீனைத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி, உங்களுக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள், எண்ணெய் உங்கள் மேல் தெறிக்காது. சூடு பட்டதும் தோல் சுருங்கித் துண்டு வளையப் பார்க்கும். தோசைத் திருப்பியால் மேலிருந்து மெதுவாக அழுத்தி, பத்துப் பதினைந்து விநாடி பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நடுத்தரத் தீக்கு வந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நகர்த்தாதீர்கள், எட்டிப் பார்க்கத் தூக்காதீர்கள். ஒட்டிக்கொண்ட மாதிரி தோன்றினாலும் விட்டுவிடுங்கள், முறுகிய தோல் தானாகவே கல்லை விடும்.

பார்க்க வேண்டியது துண்டின் பக்கவாட்டை. கண்ணாடி மாதிரி இருக்கும் சதை கீழிருந்து மேலாக வெள்ளையாகிக்கொண்டே ஏறும். அந்த வெள்ளை முக்கால் உயரத்துக்கு வர 2 சென்டிமீட்டர் தடிமன் துண்டுக்கு நான்கைந்து நிமிடம் ஆகும். அப்போது திருப்பிப் போட்டு, மீதி வெண்ணெயைக் கல்லில் போட்டு, அது நுரைக்கும்போது துண்டின் பக்கங்களில் மட்டும் கரண்டியால் அள்ளி ஊற்றுங்கள். தோல் மேல் ஊற்ற வேண்டாம். ஒன்றரை நிமிடம் போதும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 63 டிகிரி. இல்லையென்றால் தடித்த இடத்தில் கத்தி முனையால் லேசாக நெம்பிப் பாருங்கள், இதழ் பிரிந்தால் எடுத்துவிடலாம். பக்கவாட்டில் வெள்ளையாகக் கட்டி கட்டியாகப் புரதம் வழிய ஆரம்பித்தால் தீ அதிகமாகிவிட்டது, சீக்கிரம் இறக்குங்கள்.

மீனைத் திருப்பிப் போடுவதற்குச் சற்று முன்பே சாஸைத் திரும்பச் சிறுதீயில் சூடாக்கி இறால் சதையைப் போட்டுவிடுங்கள். இரண்டு நிமிடம். இறால் பிறை மாதிரி வளைந்து, உள்ளே கண்ணாடி நிறம் இல்லாமல் வெள்ளையானால் வெந்துவிட்டது, முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர். அடுப்பை அணைத்து அரை நிமிடம் கழித்து எலுமிச்சை பிழியுங்கள். முதலில் கால் மூடி, ருசி பார்த்து மீதி. அந்த ஊர்க்காரர்கள் ஒயினில் வரவைக்கும் புளிப்பை நாம் இதில் வரவைக்கிறோம். இது இல்லாவிட்டால் நான்கு வாயில் திகட்டிவிடும்.

பரிமாறும்போது சாஸைத் தட்டில் முதலில் ஊற்றி, இறாலை ஓரமாக ஒதுக்கி, மீனைத் தோல் மேலே பார்க்கும்படி அதன்மேல் வையுங்கள். சாஸை மீன்மேல் ஊற்றினால் இவ்வளவு நேரம் காத்திருந்து வரவைத்த மொறுமொறுப்பு ஒரே நிமிடத்தில் நமுத்துப்போகும். வெங்காயத்தாளைப் பொடியாக நறுக்கிச் சாஸ்மேல் மட்டும் தூவுங்கள். தொட்டுக்கொள்ள வேகவைத்த உருளைக்கிழங்கு நன்றாக இருக்கும், சூடான வெள்ளைச் சோறு அதைவிட நன்றாக இருக்கும்.

மீன் மிஞ்சக் கூடாது, திரும்பச் சூடாக்கினால் வரட்டியாகிவிடும். சாஸ் மிஞ்சினால் மறுநாள்வரை ஃப்ரிட்ஜில் தாங்கும், ஒரு கரண்டி பால் விட்டுச் சிறுதீயில் சூடாக்கி பாஸ்தாவில் பிரட்டிக்கொள்ளலாம். இன்னொன்று, அடுத்த தடவை இறால் குழம்பு வைக்கும்போது தலை ஓடுகளை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் சேர்த்துவையுங்கள். அரைக் கிலோ சேர்ந்ததும் ஓட்டுச் சாறு மட்டும் மொத்தமாக எடுத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிட்டால், இதே சாஸ் 15 நிமிட வேலை.