மேல் எட்டு அங்குலத்தில் கிரீஸ் வேண்டாம்: அம்பாசிடரின் மீட்டர் கேபிளை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது

எங்களிடம் இருப்பது 1988 மாடல் மார்க் 4 டீசல் அம்பாசிடர். அப்பா பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு வாடகைக்கு ஓட்டிய வண்டி. இப்போது நான் ஓட்டுகிறேன். அந்த மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது முள்ளைப் பார்த்து வண்டியை கியரிலேயே அடக்கு, பிரேக்கை நம்பி இறங்காதே என்று அப்பா சொல்வார். வளைவு முடிந்து கொஞ்சம் நேரான இறக்கம் வந்தால், 40-இல் போவதாக நமக்குத் தோன்றும். வண்டி 60-ஐத் தொட்டிருக்கும். அதனால், கியர் பாக்ஸின் சுழற்சியை வேகம் காட்டும் மீட்டருக்குக் கொண்டுபோகும் இந்த மீட்டர் கேபிள் எனக்கு பிரேக் ஆயில் மாதிரி முக்கியமான விஷயம்.

சில வருடங்களுக்கு முன் முள் லேசாக நடுங்கியது. ஒரு பட்டறையில் விட்டேன். கேபிளைக் கழற்றி, கை நிறைய கிரீஸ் அப்பி மாட்டிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் அருமையாக வேலை செய்தது. அப்புறம் 40-இல் போகும்போது முள் 70 காட்டியது. பிறகு ஒரேயடியாகக் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. மீட்டரைப் பிரித்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் கிரீஸ்.

ஏன் அப்படி ஆனது என்று புரிந்தால் பராமரிப்பில் பாதி வேலை முடிந்த மாதிரி. கேபிளின் உள்ளே சுற்றுகிற இன்னர், மெல்லிய கம்பிகளை அடுக்கடுக்காக முறுக்கிச் செய்தது. பார்த்தால் திருகாணியின் மரை போலவே இருக்கும். சுற்றும்போது அது கிரீஸைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றும். மேலே மீட்டருக்குள் இன்னர் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம். முள் அதில்தான் இருக்கிறது. காந்தமும் கிண்ணமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. காந்தம் சுழலும் வேகத்துக்கு ஏற்ப கிண்ணத்தில் மின்னோட்டம் எழுந்து அதை இழுக்கும். தலைமுடி போன்ற ஒரு சுருள் வில் திருப்பி இழுக்கும். 1902-இல் ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் கிரீஸ் புகுந்தால், காந்தம் கிண்ணத்தைத் தன்னோடு சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். முள் கூடுதலாகக் காட்டுவது அதனால்தான்.

கழற்றுவதற்கு முன் எங்கே கோளாறு என்று பாருங்கள். முள்ளும் ஓடவில்லை, கிலோமீட்டர் எண்களும் நகரவில்லை என்றால், பெரும்பாலும் இன்னர் அறுந்திருக்கும், அல்லது ஒரு முனை கழன்றிருக்கும். எண்கள் ஓடுகின்றன, முள் மட்டும் படுத்திருக்கிறது என்றால் கேபிளைத் தொட வேண்டாம், கோளாறு மீட்டரில். 20, 30 வேகத்தில் முள் துள்ளுகிறது, டாஷ்போர்டுக்குப் பின்னால் டிக் டிக் என்று சத்தம் கேட்கிறது என்றால் இன்னர் காய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ மடிந்திருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மீட்டரின் முதுகில் விளக்கு வயர்களும் இருப்பதால் இதை விட்டுவிடக் கூடாது. டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து கையை விட்டால், மீட்டருக்குப் பின்னால் சொரசொரப்பான விளிம்புள்ள ஒரு வட்ட நட்டு தட்டுப்படும். விரலாலேயே திருகிக் கழற்றலாம். கேபிளை இறக்கி, இன்னரின் முனையைப் பிடித்து மெதுவாக மேல்பக்கமாக இழுங்கள். முழு இன்னரும் கையோடு வந்துவிடும். வண்டிக்கு அடியில் போக வேண்டிய தேவையே இல்லை.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பழைய அழுக்கை முழுவதும் துடையுங்கள். இன்னரை 'ப' வடிவில் வளைத்து, இரண்டு முனைகளையும் இரண்டு கைகளில் பிடித்து, ஒரு முனையை விரலால் மெல்ல உருட்டுங்கள். மறுமுனை வழுக்கிக்கொண்டு சீராகச் சுற்றினால் நல்ல கம்பி. நின்று நின்று துள்ளினால் உள்ளே மடிப்பு இருக்கிறது; அதை நிமிர்த்திப் போட்டுப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். முனைகளின் சதுரம் மழுங்கியிருந்தாலும், ஏதாவது இழை பிரிந்திருந்தாலும் அப்படித்தான்.

இப்போது கிரீஸ். விரல் நுனியில் எடுத்து, கம்பி பளபளக்கிற அளவுக்கு மெல்லிய பூச்சு. அதுவும் கீழ்ப்பகுதிக்கு மட்டும். மீட்டர் பக்கம் எட்டு அங்குலம், அதாவது 20 சென்டிமீட்டர், சுத்தமாகத் துடைத்தே இருக்க வேண்டும். நான் இன்னரை அவுட்டருக்குள், அதாவது கேபிளின் வெளி உறைக்குள், முழுவதும் விட்டு, மறுபடி எட்டு அங்குலம் வெளியே இழுத்து, ஒட்டியிருப்பதை இன்னொரு முறை துடைத்துவிட்டுத்தான் உள்ளே தள்ளுவேன். எஞ்சின் ஆயில் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அது ஒழுகிக் கீழே போய்விடும், இல்லாவிட்டால் மேலே ஏறும், வேண்டாம்.

உள்ளே விடும்போது விரலால் திருகிக்கொண்டே விடுங்கள். கியர் பாக்ஸ் பக்கச் சதுரத்தில் உட்கார்ந்ததும் லேசாக இறங்கி, அதற்கு மேல் திருக முடியாமல் பிடிக்கும். அப்போது மேலே அவுட்டருக்கு வெளியே சுமார் 10 மில்லிமீட்டர் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதைவிட அதிகம் நீட்டினால் கீழே சரியாக உட்காரவில்லை. அந்த நிலையில் நட்டை முடுக்கினால் மீட்டரின் உள்பாகம் கெடும். நட்டுக்கு விரல் முடுக்கு போதும். பிளையர் வைத்தால் மரை போய்விடும்.

கேபிள் போகும் வழியையும் பாருங்கள். எங்கேயும் ஆறு அங்குல ஆரத்தைவிட இறுக்கமான வளைவு இருக்கக் கூடாது. மீட்டருக்குப் பின்னாலிருந்து முதல் இரண்டு அங்குலமாவது நேராக வர வேண்டும். சைலன்சர் குழாயைத் தொட்டால் வெளி உறை உருகிவிடும். எஞ்சின் பக்கச் சுவரில் கேபிள் நுழையும் ரப்பர் வளையத்தை மறக்காமல் பொருத்துங்கள். அது இல்லாவிட்டால் தகர விளிம்பு உறையை அறுக்கும், மழைத் தண்ணீர் கால் பக்கம் இறங்கும்.

இன்னரை உருவும்போதே அது கருப்பு எண்ணெயில் குளித்து வந்தால், அது கிரீஸ் அல்ல, கியர் ஆயில். கியர் பாக்ஸில் கேபிள் சேரும் இடத்து ஆயில் சீல் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் எத்தனை முறை துடைத்தாலும் எண்ணெய் மேலே வந்துகொண்டேதான் இருக்கும்.

இன்னர் நடுவில் அறுந்திருந்தால் கீழ்த் துண்டை எடுக்க அடியில் போகத்தான் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். கெட்டியான ஸ்டாண்ட் கொடுத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு மரக்கட்டை வையுங்கள். புது கேபிள் மாட்டும் முன், அறுந்த கம்பியின் சதுர முனையை ஒரு சாண் வெட்டி, மீட்டரின் பின் துளையில் சொருகி விரலால் சுற்றிப் பாருங்கள். இலேசாகச் சுற்ற வேண்டும். கெட்டியாக இருந்தால் அந்த மீட்டர்தான் பழைய கேபிளை அறுத்தது, புதியதையும் அறுக்கும். கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போய் நீளத்தை அளந்து வாங்குங்கள்.

நான் இதை 15,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, ஓட்டம் குறைந்த வருடங்களில் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், செய்கிறேன். அரை மணி நேர வேலை. முடிந்ததும் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து உடுமலை சாலையில் ஒரு ஓட்டம். முள்ளை 60-இல் நிறுத்திக்கொள்வேன். அவர் கடிகாரத்தைப் பார்த்து ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை எண்ணுவார். ஒரு நிமிடமோ, மூன்று நான்கு விநாடி கூடுதலோ ஆனால், மறுநாள் காலையில் வால்பாறைக்குக் கிளம்பலாம்.