வெப்சைட்டை மாற்றும்போது பழைய லிங்க்குகளை என்ன செய்வது?

கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் ஏலக்காய், மிளகு விற்கும் ஒரு கடைக்குப் புது வெப்சைட் போட்டுக் கொடுத்தேன். பாக்கெட்டில் அச்சடித்த க்யூஆர் கோடு எல்லாம் பழைய முகவரிக்குத்தான் போகும், விற்றுப்போன பாக்கெட்டைத் திரும்ப வாங்கி மாற்றவா முடியும்? பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய பக்கத்துக்குத் தானாகத் திருப்பிவிட வேண்டும், இதைத்தான் ரீடைரக்ட் என்கிறோம். அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே பழைய முகவரிகளைப் பட்டியல் எடுத்துவிடுங்கள். சைட்மேப் (தளத்தின் பக்கப் பட்டியல்), சர்ச் கன்சோல் (கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கருவி), சர்வர் லாக் (யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார் என்ற பதிவு) மூன்றிலும் தேடி, எக்ஸலில் ஒரு பக்கம் பழையது, எதிரே புதியது என்று எழுதுங்கள்.

8 எம்எம் ஏலக்காய்ப் பக்கத்தைத் தேடி வந்தவர் 8 எம்எம் ஏலக்காய்ப் பக்கத்துக்கே போக வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் வாடிக்கையாளர் போய்விடுவார், கூகுளும் அதைக் காணாமல் போன பக்கமாகவே எடுத்துக்கொள்ளும். பொருளையே நிறுத்திவிட்டீர்கள், ஈடாக வேறு பக்கமும் இல்லை என்றால் 410 கொடுங்கள், 'இந்தப் பக்கத்தை எடுத்துவிட்டோம்' என்று சர்வர் சொல்லும் குறியீடு அது.

ரீடைரக்டுக்கும் இப்படிக் குறியீடுகள் உண்டு. நிரந்தர மாற்றத்துக்கு 301. ஓணம் தள்ளுபடிப் பக்கம் மாதிரி தற்காலிகமானதற்கு 302. 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும், தப்பாகப் போட்டுவிட்டு நீங்கள் திருத்தினாலும் ஏற்கெனவே வந்தவருக்குத் தப்பான பக்கமே திறக்கலாம், அதனால் முதலில் 302 போட்டுச் சோதித்து அப்புறம் 301 ஆக்குங்கள்.

தமிழில் முகவரி வைத்திருந்தால் கவனம். பிரவுசர் அதை %E0 போன்ற சதவீதக் குறிகளாக மாற்றி அனுப்பும், 'ஏலக்காய்' என்ற ஒரு சொல்லே 72 எழுத்தாக நீளும். ஆனால் சர்வர் மென்பொருள்களான அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் அதை மறுபடி தமிழாக்கித்தான் ஒப்பிடும், எனவே ரீடைரக்ட் விதியில் தமிழையே எழுதி, ஃபைலை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஆள் கேரளாவில் இருந்தால் மலையாளப் பக்கத்துக்குத் தள்ளிவிடு என்று முதலில் விதி எழுதியிருந்தேன். குமுளியில் தமிழ் படிக்கிறவர் எத்தனை பேர்! கம்பத்திலிருந்து மலையேறி வந்தவருக்கும் மலையாளம் வந்து நின்றது. இடத்தைப் பார்த்து மொழியை முடிவு செய்யவே செய்யாதீர்கள். மேலே 'தமிழ்', 'மலையாளம்' என்று இரண்டு பட்டன் வையுங்கள், அவரே தொடட்டும். பக்கங்களைப் படித்துப் பார்க்கும் கூகுளின் தானியங்கி நிரல் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்துதான் வருகிறது, அப்படித் தள்ளினால் உங்கள் மலையாளப் பக்கத்தை அது பார்க்காமலே போகலாம்.

எச்டிடிபியிலிருந்து பாதுகாப்பான எச்டிடிபிஎஸ், அங்கிருந்து டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாத முகவரி, அங்கிருந்து புதிய பக்கம் என்று மூன்று முறை தாவ வைக்காதீர்கள். மலையில் சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும், ஒவ்வொரு தாவலுக்கும் காத்திருக்க வேண்டும். ஒரே தாவலில் சேருங்கள்.

ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். பாக்கெட்டில் அச்சான முகவரி என்றால் டொமைன் உள்ளவரை எடுக்காதீர்கள். கடைசியாக, வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஒரு பழைய பாக்கெட்டை ஸ்கேன் செய்து பாருங்கள்.