ஜம்பிங் ஜாக்: பொம்மையில் பிறந்த பெயர்

ஜம்பிங் ஜாக் என்றதும் உடற்பயிற்சிதான் நினைவுக்கு வரும். ஆனால் பெயர் முதலில் ஒரு பொம்மைக்கு உரியது. கீழே தொங்கும் நூலை இழுத்தால் அதன் கையும் காலும் ஒரே சமயத்தில் விரியும், விட்டால் சேர்ந்துகொள்ளும். பயிற்சியும் அதே அசைவுதான்: குதித்துக் கால்களை விரித்து, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, மறுபடி குதித்துச் சேர்ப்பது. துள்ளும் ஒரு வகைப் பட்டாசுக்கும் இதே பெயர் உண்டு.

சரி, பயிற்சியைச் செய்யும்போது பாதத்தைக் கவனியுங்கள். முன்பாதம் முதலில் தரையைத் தொட வேண்டும், முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். 'தொம்' என்று சத்தம் கேட்டால் அதிர்வு மூட்டில் இறங்குகிறது என்று அர்த்தம். ஓடப் போகுமுன் உடலைச் சூடேற்ற 30 விநாடி செய்து பாருங்கள். முட்டி வலி உள்ளவர்கள் குதிக்கவே வேண்டாம். ஒவ்வொரு காலாகப் பக்கவாட்டில் எடுத்து வைத்து, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தினால் போதும். அப்புறம், மூச்சை அடக்காதீர்கள்.